வாசலைக் காக்கும் கண்: பதிவு நம் கையில் இருக்கட்டும்

கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நெசவாளர் இல்லம் என்பது வீடு மட்டுமன்று, தொழிற்கூடமும் அதுவே. கூடத்தில் தறி, உள்ளறையில் பட்டு நூலும் ஜரிகையும் என்று வீடு முழுவதும் தொழிலே நிறைந்திருக்கும். விவசாய அங்கத்தினர் வீட்டிலோ முந்திரிக்கொட்டையும் மக்காச்சோளமும் மூட்டை மூட்டையாக விலைக்குக் காத்திருக்கும். சங்கத்தில் பெற்ற நூல் களவு போயின், இழப்பு ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை. சங்கத்தின் கணக்கிலும் குறை விழும். நம்பிக்கையிலும் குறை விழும்.

ஆகவே வாசலில் ஒரு கேமரா வைக்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. கேமரா வாங்குவது இன்று எளிது. ஆனால் அது எடுக்கும் படம் எங்கே சென்று சேர்கிறது, அதன் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்று கேட்போர் சிலரே. அக்கேள்விக்குரிய விடையை இங்கு விளக்க முற்படுகிறோம்.

ஸ்ரீபுரந்தான் தரும் பாடம்

நம் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில் சோழர் காலச் சிவன் கோயில் ஒன்று உள்ளது. வழிபாடின்றிப் பூட்டிக் கிடந்த அக்கோயிலின் நடராசர் திருமேனி 2006 வாக்கில் களவாடப்பட்டது. களவு போன செய்தி வெளிப்பட 2008 ஆயிற்று. அதே 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அத்திருமேனியை ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. கோயிலில் முன்னர் எடுக்கப்பட்டுப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பத்திரமாயிருந்த புகைப்படங்களை ஒப்பிட்ட பின்னரே அது நம் ஊர்த் திருமேனி என்பது நிலைநாட்டப்பட்டது. 2014இல் அது இந்தியாவுக்குத் திரும்பி வந்தது.

இதில் நாம் அறிய வேண்டியவை இரண்டு. பூட்டு ஒன்றையே நம்பியிருந்தமையால் களவு நெடுநாள் தெரியாமற் போயிற்று. இழந்ததை மீட்டதோ, ஒழுங்காகக் காக்கப்பட்ட ஒரு படப் பதிவு. படம் எடுப்பது பாதி வேலை. அதைக் காப்பது மறுபாதி.

பிறர் களஞ்சியத்தில் நம் வீட்டுப் படம்

கடையில் மலிவாகக் கிடைக்கும் கேமராக்களுட் பல, தாம் எடுக்கும் படத்தை இணையத்தின் வழியே ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புகின்றன. நாம் கைப்பேசியில் காண்பது அங்கிருந்து திரும்பி வருவதே. மாதக் கட்டணம் நின்றால் பழைய பதிவும் கைக்கு எட்டாமற் போகலாம்.

இதனினும் பெரிய அபாயம் காவலில்லாத கேமரா. 2016இல் 'மிராய்' என்னும் தீய மென்பொருள், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றி, பெரிய இணையத் தளங்களையே முடக்கியது. 2025இல் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் களவாடப்பட்டு, பெண்களின் படங்கள் இணையத்தில் விலைக்கு விடப்பட்ட செய்தி நாட்டையே திடுக்கிடச் செய்தது. காவலுக்கு வைத்த கண்ணே களவுக்கு வழியாகிவிட்டது.

கட்டற்ற மென்பொருள்

இதற்கு மாற்று, நம் வீட்டிலேயே ஒரு கணினியை வைத்து, அதிலேயே பதிவைச் சேமிப்பது. அதற்கு வேண்டிய மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. 1991இல் லைனஸ் டார்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அடிப்படை. அதன்மேல் இயங்கும் கண்காணிப்பு மென்பொருள் ஜோன்மைண்டர். பின்னதை 2002இல் பிலிப் கூம்ப்ஸ் என்பவர் தொடங்கினார். பின்னர் பலர் சேர்ந்து வளர்த்து வருகின்றனர்.

இம்மென்பொருள்களின் மூல நிரல் யாவருக்கும் திறந்திருக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை எந்த அங்கத்தினரும் கேட்டுப் பார்க்கலாம் என்பது போன்றதே இது. கூட்டுறவில் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு புதிதன்று.

அமைக்கும் முறை

முதலாவது, கணினி. நான்கு கேமராக்களுக்கு 8 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய மேசைக் கணினி ஒன்று போதும். 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த மடிக்கணினி பயனின்றிக் கிடப்பின், ஒன்றிரண்டு கேமராக்களுக்கு அதை முயன்று பார்க்கலாம். அதன் பேட்டரி உப்பியிருந்தால் கழற்றிவிட வேண்டும். தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசி விசிறியை அடைக்கும். ஆதலால் கணினியைத் தறிக்கு அருகில் வைக்கலாகாது.

இரண்டாவது, லினக்ஸ். டெபியன் என்னும் வகையை நிறுவுக. ரவுட்டரில் அக்கணினிக்கு மாறாத முகவரி ஒன்றைக் குறித்து வைக்க வேண்டும். கடிகாரம் இணையத்தோடு ஒத்து ஓடும்படி அமைத்து, இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஜோன்மைண்டர். மரியா டிபி என்னும் தரவுத்தளத்தையும், அப்பாச்சி என்னும் இணையப் பரிமாறியையும், ஜோன்மைண்டர் பொதியையும் டெபியன் களஞ்சியத்திலிருந்து பெற்று நிறுவுக. தரவுத்தளத்தில் ஜோன்மைண்டருக்கெனத் தனிப் பயனர் ஒருவரை உண்டாக்கி, சேவையைத் தொடங்கினால், வீட்டிலுள்ள எந்தக் கணினியின் உலாவியிலும் அதன் பக்கம் திறக்கும்.

நான்காவது, பூட்டு. புதிதாக நிறுவிய ஜோன்மைண்டர் கடவுச்சொல் கேட்பதில்லை. விருப்பங்கள் பக்கத்தில் உள்நுழைவுச் சோதனையை இயக்கி, முதற் பயனரின் கடவுச்சொல்லை உடனே மாற்றுதல் வேண்டும். இதைச் செய்யாமல் மேற்கொண்டு ஓரடியும் செல்லலாகாது.

ஐந்தாவது, கேமரா. 'ஆர்.டி.எஸ்.பி.' முறையில் படம் அனுப்பும் கேமராவாகப் பார்த்து வாங்குக. அதன் கடவுச்சொல்லையும் மாற்றி, நிறுவனத்தின் கணினிக்குப் படம் அனுப்பும் வசதியை நிறுத்தி, ரவுட்டரில் அக்கேமரா இணையத்துக்குச் செல்லும் வழியையும் அடைத்துவிட வேண்டும். கம்பி வழி இணைப்பே நன்று. ஒரு கம்பி 100 மீட்டருக்கு மேற்படலாகாது. பிறகு ஜோன்மைண்டரில் கேமராவின் முகவரியைக் கொடுத்து, படத்தில் எப்பகுதியில் அசைவு நேர்ந்தால் பதிய வேண்டும் என்பதைக் கோடிட்டுக் காட்டுக. தெருவோரத்து வேப்பங்கிளை அக்கோட்டுக்குள் வந்தால், காற்றடிக்கும் போதெல்லாம் பதிவு ஓடும்.

வட்டின் கணக்கு

ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால், இடைவிடாத பதிவுக்கு நாளொன்றுக்கு 21.6 ஜி.பி. ஆகும். நான்கு கேமராக்களுக்கு 86.4 ஜி.பி. எனவே 1 டி.பி. வட்டு பதினொரு நாள் அளவே தாங்கும். அசைவை மட்டும் பதிந்தால் பல மடங்கு நாள் நீடிக்கும். வட்டு நிரம்பும் தறுவாயில் பழையவற்றை நீக்கும் விதி ஜோன்மைண்டரிலேயே உண்டு. அது இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முக்கியமான பதிவை 'ஆவணம்' எனக் குறித்துவிட்டால் அவ்விதி அதைத் தொடாது.

மின்செலவையும் எண்ணுக. 50 வாட் இழுக்கும் கணினி இரவு பகல் ஓடினால் மாதம் 36 யூனிட் ஆகும். மின்தடைக்கு யு.பி.எஸ். ஒன்று வேண்டும். கள்வன் கணினியையே எடுத்துச் செல்லாதபடி, அது பூட்டிய அலமாரியில், காற்றோட்டத்துடன் இருத்தல் நலம்.

வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமாயின், ரவுட்டரில் வாயிலைத் திறந்து ஜோன்மைண்டரை உலகுக்குக் காட்டுவது தவறு. வயர்கார்டு என்னும் கட்டற்ற மென்பொருளால் நம் கைப்பேசிக்கும் வீட்டுக்கும் இடையே மறைவழி ஒன்று அமைத்துக்கொள்ளலாம்.

சாட்சியமாகும் பதிவு

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்கச் சான்றிதழ் ஒன்றை வேண்டுகிறது. பதிவு மாறாதது என்பதைக் காட்டும் 'ஹாஷ்' எண்ணும் அதில் குறிக்கப்படும். ஆதலால் களவு நேர்ந்தால் மூலப் பதிவை வெட்டாமல், ஒட்டாமல், அப்படியே வைத்திருந்து, வேறொரு வட்டிலும் படியெடுத்து வைத்தல் வேண்டும். கடிகாரம் தவறியிருந்தால் பதிவின் வலிமை குன்றும்.

கண் எங்கே நோக்க வேண்டும்?

இக்கருவி பற்றி நாம் முடிவாகச் சொல்ல வேண்டியது இதுவே. நம் வீடுகளில் தறியில் அமர்பவர் தாயும் மனைவியும் மகளும் ஆவர். நூலைக் காக்கிறோம் என்று சொல்லி அவர்கள் எழுவதையும் அமர்வதையும் பதிவு செய்வது காவலாகாது, அது அவமதிப்பாகும். கேமரா வாசலையும், நூல் அறையின் கதவையும், களத்து மூட்டைகளையும் நோக்கட்டும். தறியை நோக்கலாகாது. அண்டை வீட்டு முற்றமும் படத்தில் விழலாகாது.

சங்கத்தின் கிடங்கில் இதனை அமைப்பதாயின், நிர்வாகக் குழு முன்கூட்டியே சிலவற்றைத் தீர்மானமாக எழுதி வைத்தல் வேண்டும்: எந்தெந்த இடம் பதியப்படும், எத்தனை நாள் வைக்கப்படும், கடவுச்சொல் எந்த இருவரிடம் இருக்கும், பார்த்தவர் பெயர் எந்தப் புத்தகத்தில் எழுதப்படும் என்பவை அவை. கேமரா இருக்கிறது என்ற அறிவிப்பு வாயிலில் தொங்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு பதிவை எடுத்துப் பார்த்து, கருவி உண்மையில் வேலை செய்கிறதா என்று சோதிக்கவும் வேண்டும்.

திறந்த மென்பொருள் நமக்கு அளிப்பது உரிமை. அவ்வுரிமையை ஒழுங்குடன் ஆள்வது அங்கத்தினர் கடமை. இவ்விஷயத்தை அடுத்த பொதுக்குழுவில் எடுத்துப் பேசி, பெண் அங்கத்தினரின் கருத்தை முதலிற் கேட்டு, அதன் பின்னரே முதல் கேமராவை வாங்குவது முறையாகும்.