பளபளப்பு வேண்டும், பவுன் குறையக் கூடாது

முகூர்த்த மாதம் பிறந்தால் லாக்கரில் தூங்கிய நகைகள் வீட்டுக்கு வரும். கூடவே ஆளுக்கொரு யோசனையும் வரும். பற்பசை போட்டுத் தேய், எலுமிச்சம்பழத்தைப் பிழி, சோடா மாவைத் தூவு என்பார்கள். அழுக்கினால் நகைக்கு வரும் கேட்டைவிட இந்தக் கைவைத்தியங்களால் வரும் கேடுதான் அதிகம் என்பது என் கட்சி.

916 முத்திரையுள்ள 22 காரட் நகையில் 91.6 சதவீதம் தங்கம். மிச்சம் செம்பு, வெள்ளி போன்ற கலப்பு. தங்கம் இயல்பிலேயே மெத்தென்ற உலோகம். பற்பசையிலோ பல்லின் கறையைச் சுரண்டி எடுப்பதற்கென்றே சிலிகா போன்ற நுண்பொடிகளைச் சேர்க்கிறார்கள். அவை தங்கத்தைவிடக் கடினமானவை. தேய்த்ததும் நகை மின்னுவது நிஜம்தான். அழுக்கோடு மேல்தோலும் கொஞ்சம் போயிருக்கிறது, அவ்வளவுதான். கோயம்புத்தூரில் நகைப் பட்டறைத் தெருக்களின் குப்பையையும் சாக்கடை மண்ணையும் அரித்துப் பொன்துகள் எடுத்தே பிழைப்பவர்கள் உண்டு. தேய்க்கிற இடத்தில் தங்கம் உதிரும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இந்த விஷயத்தில் நம் பாட்டிமாருக்கு விவரம் தெரிந்திருந்தது. பூந்திக்கொட்டையை உடைத்து, விதையை எறிந்துவிட்டு, தோலை வெந்நீரில் ஊறப்போட்டால் நுரை கட்டும். அதிலுள்ள சபோனின் என்னும் பொருள் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்குமே தவிர, பொன்னைச் சுரண்டாது. தாலிக்கொடி, வளையல், கல் வைக்காத சங்கிலி எல்லாவற்றுக்கும் இதுவே போதும். கால் மணி நேரம் ஊறவிட்டு, குழந்தைகளுக்கான மெல்லிய பல் துலக்கியால் இடுக்குகளை மட்டும் வருடினால் மஞ்சளும் குங்குமமும் சந்தனமும் கழன்று வந்துவிடும். பூந்திக்கொட்டை கிடைக்காத ஊரில் இரண்டு சொட்டு ஷாம்பூவை வெதுவெதுப்பான நீரில் கலந்துகொள்ளலாம். அலசுவதைக் கிண்ணத்தில் செய்யுங்கள். குழாயடியில் கைதவறிய மூக்குத்தியைத் தேடிக் குழாய்க்காரரை அழைத்த வீடுகள் ஏராளம்.

வைரத்துக்கும் எண்ணெய்க்கும் தீராத ஒட்டுதல். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கங்களில் இந்தக் குணத்தை வைத்தே வைரத்தைப் பிரித்தார்கள். கிரீஸ் பூசிய மேசைமேல் ஈரமான கல்மண்ணை ஓடவிட்டால் மற்ற கற்கள் வழுக்கிப் போகும், வைரம் மட்டும் கிரீஸில் ஒட்டி நிற்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் ஊரில் ஏழுகல் தோடு ஒளி மங்குவதில் வியப்பென்ன? பின்பக்கம் திறந்திருக்கும் ‘ஓப்பன் செட்டிங்’ தோடானால், அதே நுரைநீரில் ஊறவைத்துக் கல்லின் அடிப்பக்கத்தை நன்றாகத் துலக்குங்கள். பிசுக்கு சேருவது அங்கேதான்.

பின்பக்கம் அடைத்த ‘க்ளோஸ் செட்டிங்’ தோட்டைத் தண்ணீரில் முக்கவே கூடாது. உள்ளே போன நீர் வெளியேற வழியில்லாமல் கல்லுக்கு அடியில் தங்கி, இருந்த ஒளியையும் கெடுத்துவிடும். கெம்புக்கும் இதே விதி. பரத நாட்டிய மேடையில் நாம் பார்க்கும் கோயில் நகைகளுக்குப் பேர்போன ஊர் நாகர்கோவிலை ஒட்டிய வடசேரி. வெள்ளியில் செய்து, அரக்கு நிரப்பி, தங்க ரேக்கு வைத்துக் கல் பதிப்பது அங்குள்ள பழைய முறை. வெந்நீர் பட்டால் அரக்கு இளகும், கல் ஆடும். வியர்வை காய்வதற்குள் உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பதே அதற்கு முழுப் பராமரிப்பு.

மரகதமும் வெந்நீருக்கு ஆகாது. அதன் நுண்விரிசல்கள் தெரியாமலிருக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். சூட்டில் எண்ணெய் கசிந்தால் விரிசல் பல்லை இளிக்கும். முத்தோ சுண்ணாம்புச் சத்தால் ஆனது. எலுமிச்சையும் வினிகரும் அதை அரித்துவிடும். சென்ட் அடித்து, பவுடர் பூசி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக முத்துமாலையை அணியுங்கள். கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்துத் தனித் துணிப்பையில் போடுங்கள். வைரத் தோட்டோடு ஒரே டப்பாவில் போட்டால் முத்து மட்டுமல்ல, பொன்னும் கீறல் விழுந்துதான் வெளியே வரும்.

நீச்சல் குளத்துக்கும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரை கழுவும் வேலைக்கும் நகையோடு போகாதீர்கள். குளோரின் கலப்பு உலோகத்தைத் தாக்கும். 18 காரட் வைர மோதிரத்துக்கு ஆபத்து கூடுதல். முகம் வெளுக்கும் என்று விற்கப்படும் சில களிம்புகளில் பாதரசம் கலந்திருக்கிறது. முகம் வெளுக்கிறதோ இல்லையோ, சங்கிலி வெளுத்துப்போகும்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து வாசலுக்கே வந்து “பாலிஷ் போடலையா அம்மா?” என்று கூவும். அவர் கிண்ணத்தில் இருப்பது பெரும்பாலும் ராஜ திராவகம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கும் நைட்ரிக் அமிலம் ஒரு பங்கும் கலந்த இந்தத் திரவம் தங்கத்தையே கரைக்கும். முக்கி எடுத்த வளையல் தகதகக்கும். கரைந்த பவுன் கிண்ணத்தோடு தெருமுனை தாண்டிவிடும். மஞ்சள் தூளில் பொதிந்து கொடுத்து, “அரை மணி கழிச்சுப் பிரிங்கம்மா” என்பதும் அவர்கள் தப்பிக்க நேரம் வாங்கும் தந்திரம்.

அழுக்கு நீக்கும்போதே திருகாணியின் மரையையும் கொடியின் கொக்கியையும் ஒரு பார்வை பாருங்கள். தேய்ந்திருந்தால் பழக்கமான ஆசாரியிடம் கொண்டுபோங்கள். கடையில் பாலிஷ் போடக் கொடுத்தால், கொடுக்கும் முன் எடையை மில்லிகிராம் வரை சீட்டில் எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது உங்கள் கண்ணெதிரே மறுபடி எடை போடச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் பவுன்.