இரண்டு துண்டுகளில் ஒளிந்திருக்கும் விலை

நெல்லியடிச் சந்தையில் ஒருவர் 3 கிலோ வெங்காயமும் 2 கிலோ கத்தரிக்காயும் வாங்கி 1,200 ரூபாய் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். துண்டில் அளவுகளும் மொத்தத் தொகையும் மட்டுமே எழுதியிருக்கின்றன. கிலோ என்ன விலை? வெங்காயம் 200 என்றால் கத்தரிக்காய் 300. வெங்காயம் 360 என்றால் கத்தரிக்காய் 60. இப்படி எத்தனையோ சோடிகள் பொருந்தும்.

பக்கத்து வீட்டுக்காரர் அதே கடையில், அதே விலைக்கு 1 கிலோ வெங்காயமும் 4 கிலோ கத்தரிக்காயும் 900 ரூபாய்க்கு வாங்கியிருந்தால்? அந்தச் சோடிகளில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். அதைத் தேடிப் பிடிப்பதைத்தான் சாதாரண தரப் பிள்ளைகள் ஒருங்கமை சமன்பாடுகள் என்று படிக்கிறார்கள்.

முதலாமவர் எல்லாவற்றையும் இரு மடங்கு வாங்கியதாக எண்ணுவோம்: வெங்காயம் 6 கிலோ, கத்தரிக்காய் 4 கிலோ, விலை 2,400. இப்போது இருவர் பையிலும் கத்தரிக்காய் 4 கிலோ. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் கத்தரிக்காய் மறைந்துவிடும். 5 கிலோ வெங்காயம் 1,500 ரூபாய், கிலோ 300. பக்கத்து வீட்டுக்காரரின் 900இல் வெங்காயத்துக்கு 300 போக, 4 கிலோ கத்தரிக்காய் 600; கிலோ 150. இது நீக்கல் முறை. சமமான தொகைகளிலிருந்து சமமானவற்றைக் கழித்தால் மிச்சமும் சமமாகவே இருக்கும் என்பதே இதன் அத்திவாரம். இந்தக் காரணத்தைச் சொல்லாமல் படிமுறையை மட்டும் மனப்பாடம் செய்விப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

பிரதியிடல் வேறு வழியாகப் போகிறது. இரண்டாவது துண்டின்படி, வெங்காயத்தின் விலை 900இலிருந்து நான்கு கத்தரிக்காய் விலையைக் கழித்தது. அதை முதல் துண்டில் வெங்காயம் இருந்த இடத்தில் வைத்தால், 2,700இலிருந்து பத்துக் கத்தரிக்காய் விலை போக 1,200. மறுபடியும் 150தான். ஒரு மாறி தனியாக, குணகம் 1 ஆக நின்றால் இந்த வழி சுகம். இல்லாவிட்டால் பின்னங்கள் வந்து குழப்பும். அப்போது நீக்கலே நல்லது.

நீக்கல் மிகப் பழையது. 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற சீனக் கணித நூல் தானியக் கட்டுகளின் விளைச்சலை இவ்வாறே கணிக்கிறது. அந்நூலுக்கு லியூ ஹுய் உரை எழுதியது கி.பி. 263இல். 1810இல் பல்லாஸ் என்ற சிறுகோளின் பாதையை ஆராய்ந்த கணிதவியலாளர் காஸ், ஆறு மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கினார். யாழ்ப்பாணத்திலும் இந்தக் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளை, 'வீசகணிதம்' என்ற அட்சரகணித நூலைத் தமிழிலேயே எழுதினார்.

மீண்டும் சந்தைக்கு வருவோம். இரண்டாவது துண்டு 6 கிலோ வெங்காயம், 4 கிலோ கத்தரிக்காய், 2,400 ரூபாய் என்றிருந்தால், அது முதல் துண்டின் இரு மடங்குதான். கழித்தால் பூச்சியத்துக்குப் பூச்சியம் வரும், விலை வராது. அதே அளவுக்கு 2,500 என்றிருந்தால், இருவருக்கும் ஒரே விலையில் விற்கவில்லை. விலை தெரிய, வேறு விகிதத்தில் வாங்கிய இன்னொரு துண்டு வேண்டும்.