மதகும் எந்திர வேழமும்

வைட்ஃபீல்டில் ஐடிபிஎல் வளாகத்துக்குப் பக்கத்தில் பட்டந்தூர் அக்ரஹாரா ஏரி கிடக்கிறது. காடுகோடிப் பகுதியில் கிடைத்த கி.பி. 1043ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அந்த ஏரி பிறந்த கதையைச் சொல்கிறது. முதலாம் ராஜேந்திர சோழன் காலம். பெர்மாடி காவுண்டன் மகன் ராஜராஜ வேளான் ஏரி கட்டினான், தூம்பு, அதாவது மதகு, வைத்தான், துர்க்கையையும் கணபதியையும் க்ஷேத்திரபாலரையும் நிறுவினான். எங்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில், அந்தக் கரையில் அறுபதடி உயர எந்திரம் ஒன்று மண்டியிட்டுத் தண்ணீர் குடிக்கிறது.

விளையாடுகிறவர்கள் ஐந்து பேர். எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள், இங்கே வேலைக்கு வந்தவர்கள். ஒரு மேசை, பென்சில், தாள், கொஞ்சம் பகடை. கணினி கிடையாது, வேஷம் கிடையாது. ‘டேபிள்டாப் ஆர்பிஜி’ என்கிறார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் பேசியே ஒரு கதையை நடத்துவதுதான் விளையாட்டு. நான்கு பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஐந்தாவது ஆள் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜிஎம். தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்கிற வேலையை நினைத்துக்கொண்டால் ஜிஎம்மைப் புரிந்துகொள்ளலாம். வருகிற ராஜாவை நிறுத்தி ‘தாங்கள் யார், எந்த ஊர்’ என்று கேட்பவனும் அவனே, வாயில்காவலனாகவும் ஊர்ஜனமாகவும் மாறிப் பேசுபவனும் அவனே. கூத்தில் கதை எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே ஜிஎம்முக்கே தெரியாது.

தெரியாமல் வைத்திருப்பது பகடையின் வேலை. ‘கோட்டைச் சுவரைத் தாண்டுகிறேன்’ என்று ஒருவர் சொன்னால், தாண்டினாரா இல்லையா என்பதை யாருடைய பிரியமும் தீர்மானிக்கக்கூடாது. நாங்கள் ஆடும் முறையில் இரண்டு சாதாரண ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டுவோம். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை வந்தால் நடக்கும், ஆனால் விலை கொடுக்க வேண்டும். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் நிலைமை மோசமாகும். இரண்டு பகடை விழக்கூடிய 36 வகைகளில் முழு வெற்றிக்கு 6 வகைதான். விலையோடு வெற்றிக்கு 15, சறுக்கலுக்கு 15. பாத்திரத்தின் திறமைக்கு ஏற்ப ஒன்றோ இரண்டோ கூட்டிக்கொள்ளலாம். இரண்டு கூட்டினால் முழு வெற்றி 15 ஆகும், சறுக்கல் 6 ஆகச் சுருங்கும், நடுவில் இருக்கும் 15 மட்டும் அப்படியே நிற்கும். கதையை நகர்த்துவது இந்த நடுப்பகுதிதான். ஆசைப்பட்டது கிடைக்கிறது, ஆனால் கையில் இருந்த ஒன்று போகிறது. தாயம் விழக் காத்திருந்து ஆடிய யாருக்கும் பகடை எப்படி மேசையை மூச்சடக்க வைக்கும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இந்த வகை விளையாட்டு அச்சில் வந்தது 1974ல். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அது. அதற்கு முன்னோடி, பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயிற்சிக்காக மேசைமேல் ஆடிய போர் விளையாட்டு. அதிலும் நடுவர் உண்டு, பகடை உண்டு.

ராட்சத எந்திரங்களின் இரண்டு விளையாட்டுகள் 1984ல் மேசைக்கு வந்தன. மைக் பாண்ட்ஸ்மித்தின் ‘மெக்டன்’ அந்த ஆண்டு வந்தது. ‘பேட்டில்ட்ராய்ட்ஸ்’ என்ற போர் விளையாட்டும் அதே ஆண்டு வந்து, அடுத்த ஆண்டே ‘பேட்டில்டெக்’ என்று பெயர் மாறியது. மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் இந்த எந்திரத்துக்கு ஜப்பானிய மொழி வழியாக ‘மெக்கா’ என்ற பெயர் வந்தது, ஆடுகிறவர்கள் ‘மெக்’ என்று சுருக்கிக்கொள்கிறார்கள். விண்வெளிக்கு உரிய பொருள் போலத் தோன்றும். ஆனால் அரசன், சிற்றரசன், மானியம், விசுவாசம் என்று இயங்கும் உலகத்தில் இந்த எந்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்தும் ஆசை ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. 1983ல் யோஷியுகி டோமினோ இயக்கிய ‘ஆரா பேட்லர் டன்பைன்’ தொடரில், ராட்சத மிருகங்களின் ஓட்டிலிருந்து எந்திரம் செய்து ஒரு பிரபு படை திரட்டுகிறான். 1996ல் வந்த ‘எஸ்காஃப்ளோனே’ தொடரில் எந்திரத்துக்கு உயிர் கொடுப்பது டிராகனின் இதயக்கல், அதை எழுப்ப இளவரசன் தன் ரத்தத்தைத் தர வேண்டும்.

‘பேட்டில்டெக்’ நட்சத்திரங்களுக்கு நடுவே நடந்தாலும் அதன் சமூகம் முழுக்க நிலமானிய சமூகம். ஐந்து பெரிய வம்சங்கள் உலகங்களைப் பங்கு போட்டு ஆள்கின்றன. எந்திரங்கள் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகின்றன. போரில் எந்திரத்தை இழந்த வீரனுக்கு அங்கே ஒரு தனிப் பெயரே இருக்கிறது. உடைமை பறிபோனவன் என்று அதற்குப் பொருள். எந்திரம் போனால் அவனுடைய குலமரியாதையும் பிழைப்பும் சேர்ந்து போய்விடும்.

அந்த விளையாட்டில் எனக்கு மிகப் பிடித்த விதி சூடு. ஆயுதம் ஒவ்வொன்றும் எந்திரத்தைச் சூடாக்கும், குளிர்விப்பான்கள் அதைத் தணிக்கும். ‘வார்ஹாமர்’ என்ற 70 டன் எந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு பெரிய பீரங்கிகளும் சேர்ந்து சுட்டால் சூடு 20 புள்ளி ஏறும். குளிர்விப்பான்கள் 18 புள்ளியைத்தான் இறக்கும். மிச்சம் 2. நடந்துகொண்டே சுட்டால் இன்னும் ஒன்று. ஆவேசத்தில் மற்ற ஆயுதங்களையும் சேர்த்து இயக்கினால் தாளில் குறிக்கும் எண் கிடுகிடுவென ஏறும். 5ல் நடை தளரும், 8ல் குறி பிசகும், 14ல் எந்திரம் அணைந்துவிடுமா என்று பகடை உருட்ட வேண்டும், 19ல் உள்ளே இருக்கும் வெடிபொருள் வெடிக்குமா என்று உருட்ட வேண்டும், 30ல் எந்திரம் தானாக அணைந்துவிடும். எதிரி ஒரு அடிகூட அடிக்காமல், தன் கோபத்தாலேயே ஒருவன் தோற்க முடியும். இவ்வளவு நேர்த்தியான விதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பின்னால் வந்தவற்றில் 2019ன் ‘லான்சர்’ போர்க்களத்தை மிக அழகாக ஆட வைக்கும். அதிலும் பிரபுக்கள் ஆளும் உலகங்கள் உண்டு. ‘ஆர்மர் ஆஸ்டிர்’ மந்திரமும் எந்திரமும் கலந்த உலகத்தில் ஒரு பேரரசை எதிர்க்கும் கலகக்காரர்களின் கதை. நான் மேலே சொன்ன இரட்டைப் பகடை முறையின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜப்பானில் ஜுனிச்சி இனோவே எழுதிய ‘டென்ரா பன்ஷோ’வில் பிரபுக்களின் ராட்சதக் கவசங்களை ஓட்டுவது குழந்தைகள். படித்த அன்று இரவு அது என்னைத் தூங்கவிடவில்லை.

இத்தனையும் படித்த பிறகு ஒரு கேள்வி எழுந்தது. நமக்கு இந்தக் கற்பனை புதிதா? திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் அமைச்சன் கட்டியங்காரன் துரோகம் செய்கிறான், அரசன் சச்சந்தன் கர்ப்பிணி மனைவி விசயையை மயில்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். விசையை வலப்பக்கம் திருகினால் மயில் மேகத்தைப் பிளந்துகொண்டு ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கிக் கால் மடித்து உட்காரும். அது சுடுகாட்டில் இறங்குகிறது, சீவகன் அங்கே பிறக்கிறான். ஓட்டும் முறையோடு எழுதப்பட்ட எந்திரம் இது. உதயணன் கதையில் உஞ்சை அரசன் பொய்யாக ஒரு எந்திர யானையைக் காட்டில் நிறுத்தி, உள்ளே வீரர்களை ஒளித்து, யாழிசையால் யானையை வசப்படுத்தும் உதயணனைச் சிறை பிடிக்கிறான். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரைக் கோட்டையின் பொறிகளை வரிசையாகச் சொல்லும். தானாக வளைந்து அம்பெய்யும் வில், கல்லுமிழும் கவண், கருவிரல் ஊகம் என்கிற குரங்குப்பொறி.

11ஆம் நூற்றாண்டில், அதாவது பட்டந்தூர் ஏரி கட்டப்பட்ட அதே நூற்றாண்டில், தாரா நகரத்து போஜராஜன் பெயரில் அமைந்த ‘சமராங்கண சூத்திரதாரம்’ எந்திரங்களுக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்குகிறது. செய்முறையை முழுக்கச் சொல்லாததற்குக் காரணம் அறியாமை அல்ல, ரகசியம் காக்கவே என்று அந்த நூலே விளக்குகிறது. பாலி மொழியில் உள்ள ‘லோகபஞ்ஞத்தி’ இன்னும் கடுமையான கதையைச் சொல்கிறது. ரோம தேசத்து எந்திரக் கலைஞர்கள் ரகசியத்தோடு ஊரை விட்டு வெளியேறினால், எந்திரமே துரத்திப்போய்க் கொல்லும். தப்ப முடியாது என்று தெரிந்த ஒருவன் வரைபடத்தைத் தன் சதைக்குள் வைத்துத் தைத்துக்கொள்கிறான். அவன் இறந்த பிறகு மகன் அதை எடுத்துப் பாடலிபுத்திரம் கொண்டுபோகிறான், அரசன் அஜாதசத்துரு புத்தரின் எச்சங்களைக் காக்க எந்திரக் காவலர்களைச் செய்விக்கிறான்.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் எந்திரம் ஒரு அரசனுக்குச் சொந்தம். அதைச் செய்தவனும் ஓட்டுகிறவனும் அவன் சோற்றைத் தின்றவர்கள். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்கிறோமே, கர்ணனை அசைய விடாமல் கட்டிப்போட்ட அந்தக் கடன்தான் நிலமானிய உலகத்து மெக்கா விளையாட்டின் அச்சாணி என்று நான் நம்புகிறேன். எந்திரம் எவ்வளவு பெரியது என்பதைவிட, அதற்கு யார் தீனி போடுகிறார்கள் என்பதே கதையைத் தீர்மானிக்கிறது.

எங்கள் முதல் முயற்சி மூன்றே வாரத்தில் படுத்துவிட்டது. காரணம் இதுதான். எந்திரங்கள் யாரையும் சார்ந்திருக்கவில்லை. ஓட்டுகிறவர்கள் நினைத்த இடத்துக்குப் போனார்கள், நினைத்தவரை அடித்தார்கள், அரசன் என்று ஒருவன் இருப்பதே மறந்துபோயிற்று. பிறகு ‘பேட்டில்டெக்’கின் சூட்டை எடுத்து நம் ஊர் ஏரியில் இறக்கினோம். எந்திரத்துக்குச் சூடு என்று ஆறு கட்டங்கள். பெரிய காரியம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் நிரம்பும். ஆறும் நிரம்பினால் எந்திரம் நின்ற இடத்தில் கல்லாகும். தணிக்க ஒரே வழி ஏரித் தண்ணீர். தண்ணீர் ஏரி கட்டிய வேளானுடையது, அவன் சொன்னால்தான் தூம்பு திறக்கும். திறந்த ஒவ்வொரு முறையும் ஊர்த் தாளில் ஒரு வயல் கட்டம் காயும்.

வரைபடத்துக்கும் வைட்ஃபீல்டையே வைத்துக்கொண்டோம். 1882ல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் யூரேஷிய, ஆங்கிலோ இந்திய சங்கத்துக்கு 3,900 ஏக்கர் வழங்கினார். சங்கத் தலைவர் டி.எஸ். ஒயிட்டின் பெயரில் ஊர் எழுந்தது. வட்டமாகத் திட்டமிட்ட அந்தக் குடியிருப்பின் இன்னர் சர்க்கிள் எங்கள் கதையில் கோட்டை. அதுவும் அரசன் கொடுத்த நிலம்தான் என்பதால் பொருத்தமாக இருந்தது.

போன மாதம் நடந்த ஒரு காட்சி. ஊகம் என்ற குரங்கு எந்திரத்தை ஓட்டுகிறவள் வேளானின் மருமகள், பெயர் நாச்சியார். சூடு ஐந்து. கரைக்கு அந்தப் பக்கம் எதிரியின் எந்திர வேழம் நிற்கிறது. ஏரியில் தண்ணீர் கால்வாசி. குமிழித் தூம்பின் அடைப்பை எடுக்கும் நீர்க்கட்டி, எங்களில் இன்னொருவர் ஆடும் பாத்திரம். அவர் கதாபாத்திரத்துக்கு எந்திரம் கிடையாது, தாளில் இரண்டே இரண்டு திறமைகள்.

“அடைப்பை எடுங்க” என்றாள் நாச்சியார்.

“இது நடவுத் தண்ணி, தாயி. இன்னும் பன்னிரண்டு நாள் கிடக்கு” என்றார் நீர்க்கட்டி.

“வேளான் உத்தரவு இருக்கு.”

“வேளான் கட்டின ஏரிதான். தினமும் எறங்கி எடுக்கிறவன் நான்.”

நாச்சியார் பகடை உருட்டினாள். மூன்றும் நான்கும், திறமைக்கு ஒன்று, மொத்தம் எட்டு. நடக்கும், விலை உண்டு. ஜிஎம் இரண்டு விலைகளை முன்வைத்தார். ஒன்று, தண்ணீர் பாய்ந்து ஊகம் குளிரும், ஆனால் அடைப்புக் கல் உடைந்து ஏரி முழுவதும் வடியும். இரண்டு, நீர்க்கட்டி ஒரு குடம் அளவே விடுவார், சூடு ஒரு கட்டம் மட்டும் குறையும், ஆனால் உத்தரவை மீறிக் குறைத்து வாங்கியது நாச்சியார்தான் என்று வேளானுக்குச் செய்தி போகும். மேசையில் யாரும் பேசவில்லை. கீழே பள்ளிச் சிறுவர்கள் சைக்கிள் மணி அடிப்பது கேட்டது. அவள் இரண்டாவதை எடுத்தாள். தாளின் தலையில் ‘கடன்: வேளானுக்கு’ என்று எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அடுத்த மூன்று வாரக் கதையும் அந்தக் கேள்விக்குறியிலிருந்து வந்தது.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு அதிகம் செலவில்லை. இரண்டு பகடை போதும், விதிகள் ஒரு பக்கத்தில் அடங்கும். மூன்று மணி நேரம் கைபேசியைத் தள்ளிவைக்கச் சம்மதிக்கிற மூன்று நான்கு பேர் வேண்டும். அது பகடையைவிடக் கிடைப்பது அரிது. உங்கள் ஊர் ஏரியை அல்லது கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். யார் கட்டினார்கள் என்று கல்வெட்டு ஏதும் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் ஊர்ப் பெரியவரைக் கேளுங்கள். மடை எத்தனை, கலிங்கு எந்தப் பக்கம், தண்ணீர் முறை யாருக்கு முதலில் என்று தாளில் குறியுங்கள். எந்திரத்தை அதற்குப் பிறகு வரையலாம். முதல் காட்சியில் அது கரைக்கு வந்து மண்டியிடட்டும், மடை திறக்கிறவரை அதன் எதிரே நிறுத்துங்கள், அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.