நாவல், நெல்லி, களா: சத்தைச் சொல்லி விற்கலாம், மருந்தென்று விற்கக்கூடாது

ஆனி, ஆடி மாதங்களில் தென்மாவட்டச் சந்தைகளுக்கு நாவல் பழம் வரத் தொடங்கும். பழத்தோடு சேர்ந்து கொட்டைப் பொடி, சாறு, வினிகர் ஆகியவையும் விற்பனைக்கு வருகின்றன. பல பொட்டலங்களில் 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். சாத்தான்குளம் பகுதியில் முருங்கை விளைகளின் ஓரத்திலும் குளக்கரைகளிலும் பழ மரம் வைக்க நினைக்கும் விவசாயிகளும், மதிப்புக்கூட்டுத் தொழிலில் இறங்கும் மகளிர் குழுக்களும் இந்த வாசகத்தைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

நிறத்தில் இருக்கும் சத்து

நாவல், களா போன்ற பழங்களின் கருநீல, செந்நீல நிறத்துக்குக் காரணம் அந்தோசயனின் என்னும் நிறமி. பழத்தின் துவர்ப்புக்குக் காரணம் டானின். நெல்லியில் கேலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம் ஆகியவற்றோடு வைட்டமின் சி மிகுதியாக உள்ளது. ரகத்தையும் பருவத்தையும் பொறுத்து 100 கிராம் நெல்லியில் 250 முதல் 600 மில்லிகிராம் வரை வைட்டமின் சி பதிவாகியுள்ளது. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது 80 மில்லிகிராம்தான்.

மரம் இந்தப் பொருட்களைக் கடும் வெயிலிலிருந்தும் பூச்சி, பூஞ்சைகளிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளவே உருவாக்குகிறது. அவை நம் உடலுக்கும் உதவுமா என்பதுதான் ஆய்வாளர்களின் கேள்வி.

ஆய்வுகள் சொல்வது என்ன?

மேலைநாடுகளில் இதே நிறமி உள்ள புளுபெர்ரி பழத்தை வைத்து நிறைய ஆய்வுகள் நடந்துள்ளன. 2019-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், அதிக உடல் எடையும் வளர்சிதை மாற்றக் கோளாறும் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 150 கிராம் பழத்துக்கு இணையான பொடியை 6 மாதங்கள் கொடுத்தார்கள். ஆய்வை முடித்த 115 பேரில், அந்த அளவு பொடி சாப்பிட்டவர்களின் ரத்தக் குழாய் விரியும் தன்மை மேம்பட்டது. ஆனால், சர்க்கரை நோய்க்கு அடிப்படையான இன்சுலின் எதிர்ப்பில் மாற்றம் இல்லை.

நாவல் கொட்டையைப் பொறுத்தவரை, சர்க்கரை குறைவதைக் காட்டிய ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளில் செய்யப்பட்டவை. மனிதர்களிடம் நடந்தவை சிறிய அளவிலானவை. அந்தோசயனின் நேரடியாக ரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. பெரும்பகுதியைக் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் வேறு பொருட்களாக மாற்றிவிடுகின்றன. ஆய்வுக்கூடக் குழாயில் பெரிதாகத் தெரியும் 'ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்புத் திறன்' எண்கள் உடலில் அப்படியே பலிப்பதில்லை. அந்த எண்களை உணவு வாரியாகப் பட்டியலிட்டிருந்த அமெரிக்க வேளாண்துறை, 2012-ல் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது.

எனவே நாவல் நல்ல பழம். அன்றாட உணவில் சேர்க்க வேண்டிய பழம். மாத்திரைக்கு அது மாற்று ஆகாது. இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டுள்ளது. பொட்டலத்தில் உள்ள வாசகத்தை நம்பி அவர்களில் ஒருவர் மாத்திரையை நிறுத்தினால், கண், சிறுநீரகம், கால் என்று பாதிப்பு வரும். மாத்திரையோடு சேர்த்துக் கொட்டைப் பொடி சாப்பிடுபவரும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே சாப்பிட வேண்டும். கருப்பட்டி சேர்த்த நாவல் சாறு சர்க்கரை நோயாளிக்கு நல்லது என்பதும் தவறு. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான்.

எங்கே எதை நடலாம்?

தேரி மண்ணிலும் வறட்சியைத் தாங்கி வரக்கூடியது நெல்லி. என்.ஏ.7, காஞ்சன், கிருஷ்ணா, பி.எஸ்.ஆர்.1 ஆகியவை நம் மாநிலத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட ரகங்கள். 6 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 110 கன்றுகள் நடலாம். ஒரே ரகத்தை மட்டும் நட்டால் காய்ப்பிடிப்பு குறையும். இரண்டு, மூன்று ரகங்களைக் கலந்து நட வேண்டும்.

நாவலுக்கு ஈரம் வேண்டும். குளக்கரை, கிணற்று மேடு, சொட்டுநீர் வசதியுள்ள விளை ஆகியவை ஏற்ற இடங்கள். விதைக் கன்று காய்க்க 8 முதல் 10 ஆண்டுகள் ஆகும் என்பதால் ஒட்டுக்கன்றே நல்லது. முள் நிறைந்த களா, ஆடு மாடு நுழையாத உயிர்வேலியாகும், ஊறுகாய்க்கும் பயன்படும்.

சத்து குறையாமல் பக்குவப்படுத்த

* நாவல் பழம் முழுவதும் கருத்த பிறகே நிறமி நிறையும். மரத்தடியில் வலை அல்லது பழைய சேலை கட்டி, மண் படாமல் சேகரிக்க வேண்டும். சாதாரண வெப்பத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் தாங்காது.
* அந்தோசயனின் புளிப்பில் சிவப்பாக நிற்கும். காரத்தன்மையில் நிறம் மாறிச் சிதையும். கடலோர ஊர்களில் உவர்ப்பேறிய கிணற்று நீரைச் சாறு எடுக்கப் பயன்படுத்தக் கூடாது. நல்ல நீரும் சிறிது எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் நிறம் நிற்கும்.
* இரும்பு, செம்புப் பாத்திரங்களைத் தவிர்க்க வேண்டும். இரும்பு பட்டால் டானின் கருக்கும். செம்பு பட்டால் வைட்டமின் சி அழியும். துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரமே ஏற்றது.
* நேரடி வெயிலைவிட நிழலிலோ சூரிய உலர்த்தியிலோ காய வைப்பது நல்லது. பூஞ்சை பிடித்த கொட்டைகளைக் கழித்துவிட வேண்டும். அவற்றை அரைத்தால் நச்சு சேரும்.

லேபிளில் எழுதும் முன்

1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் சட்டப்படி, சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது குற்றம். முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை விதிக்கலாம். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறைகளும் தடுக்கின்றன. தவறான விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். சிறு குழு என்பதால் விலக்குக் கிடைக்காது.

பழத்தின் பெயர், விளைந்த ஊர், தயாரித்த நாள், சேர்த்த பொருட்கள், சர்க்கரை அளவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். பரிசோதித்த அறிக்கை கையில் இருந்தால் வைட்டமின் சி அளவையும் குறிப்பிடலாம். விரிவாக்கப் பணியாளர்கள் குழுக்களுக்குப் பயிற்சி தரும்போது, பக்குவப்படுத்தும் முறையோடு லேபிள் வாசகத்தையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும். ஒட்டுக்கன்று தேர்வு, பதனிடும் பயிற்சி ஆகியவை குறித்து வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையும், கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியையும் அணுகலாம்.