வீரன் நிற்கும் மண்

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தார் 1983-ஆம் ஆண்டில் ‘வார்ஹாமர்’ என்னும் போர் விளையாட்டை வெளியிட்டது முதல், மேஜைமீது அணிவகுக்கும் பூதங்களையும் குள்ளர்களையும் மந்திரவாதிகளையும் சேகரித்து, தம் கையாலேயே வர்ணம் தீட்டி மகிழும் ரசிகர் கூட்டம் தேசம் தேசமாகப் பெருகி வந்திருக்கிறது. ஏறத்தாழ ஓர் அங்குல உயரமே உள்ள இப்பிரதிமைகளின் முகத்துக்கும் கவசத்துக்கும் இரவு பகலாக உழைப்பவர்களிலும், அவை நிற்கும் பீடத்தில் சிரத்தை கொள்ளாதவர் உண்டு. என் அபிப்பிராயத்தில் அது பெருங்குறை.

பீடம் என்பது பெரும்பாலும் 25 அல்லது 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் வட்டம். அதன்மீது வெள்ளைப் பசையைத் தடவி, மணலைத் தூவி, நன்றாக உலர்ந்தபின் கரும்பழுப்பு வர்ணம் பூசி, பிறகு தூரிகையில் எடுத்த வெளிர்நிறத்தைத் துணியில் துடைத்து நீக்கிவிட்டு, எஞ்சிய சாயம் மேடுகளில் மட்டும் படுமாறு மெல்ல வருடினால், பள்ளங்களில் இருள் தங்க, முகடுகளில் வெயில் படிந்த நிலம் தத்ரூபமாக உருவாகிவிடுகிறது. தக்கைத் துண்டைப் பிய்த்து ஒட்டினால் அது பாறை. செயற்கைப் புல்லிழைகளை மின்னேற்றம் தரும் கருவியால் தூவினால், அவை படுத்துவிடாமல் நிமிர்ந்து நிற்கும்.

வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கைகள் தீட்டிய பழைய ஈய உருவங்களும் புதிய பிளாஸ்டிக் உருவங்களும் அருகருகே நின்றாலும், காலடி மண் ஒன்றாயிருந்தால் அவை ஒரே நாட்டுச் சேனையாகிவிடுகின்றன. ஆகையால், புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோர், முதல் உருவத்துக்கு வர்ணம் தொடுமுன்பே, தம் படை எந்த நிலத்தில் நிற்கப்போகிறது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டுகிறேன்.