இலைக்குப் பச்சை வெளிச்சம் வேண்டாமா?

‘எங்கள் ஃபிளாட்டில் வெயிலே விழுவதில்லை. கொத்தமல்லி, புதினா வளர்க்க ஆன்லைனில் விற்கும் ஊதா நிற எல்.இ.டி. விளக்கை வாங்கலாமா, நாமே ஒன்று செய்துகொள்ளலாமா?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தாராளமாகச் செய்துகொள்ளலாம். ஊதா மட்டும் வேண்டாம்.

அந்த விளக்குகளின் அட்டையில் ‘1000 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பிளக்கில் செருகினால் பல விளக்குகள் இழுப்பது அதில் பத்தில் ஒரு பங்குதான். கூடவே இரண்டு மேடுள்ள ஒரு வரைபடம்: பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சும், நடுவிலுள்ள பச்சை வீண். அதனால்தான் நீலமும் சிவப்பும் கலந்த இந்த ஊதா. வரைபடம் பொய்யில்லை. ஆனால் அது இலையிலிருந்து பிரித்து, கரைப்பானில் கரைத்து, குப்பியில் ஊற்றிய பச்சையத்தை அளந்தது. உயிருள்ள இலையின் கதை வேறு.

இலை ஒரு கல்யாணப் பந்தி. மேல் வரிசையில் பாலிசேட் செல்கள் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருக்கின்றன. சிவப்பும் நீலமும் சாம்பார் வாளி மாதிரி. முதல் வரிசையே மொண்டு மொண்டு வாங்கிக்கொள்ளும். வெளிச்சம் பலமானால் அங்கே வயிறு நிரம்பிவிடும். அதற்கு மேல் விழுவது வெப்பமாக வீணாகும். பச்சை ஒளியையோ முதல் வரிசை அரைமனதாகத்தான் வாங்கும். அது நகர்ந்து கடைசி வரிசைக்கு, ஸ்பாஞ்சி செல்களுக்குப் போய்ச் சேரும். அங்கே செல்களுக்கு நடுவே காற்றிடைவெளி நிறைய. ஒளி அங்கும் இங்கும் மோதித் திரும்பத் திரும்பப் பச்சையத்தின் முன்னால் வந்து நிற்கும். ‘வேண்டாம்’ என்றாலும் நாலாவது தடவை இலையில் போட்டுவிடும் மாமாவைப் போல. (பாயசம் வரை இழுக்காமல் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.) இப்படி அலைந்து அலைந்தே பச்சை ஒளியிலும் பெரும்பங்கை இலை உறிஞ்சிவிடுகிறது. தப்பி வரும் கொஞ்சத்தைப் பார்த்துத்தான் இலை பச்சை என்கிறோம்.

இதெல்லாம் புதுச் செய்தியும் இல்லை. டெக்சாஸில் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 பயிர்களின் இலைகளை அளந்து, பச்சை ஒளி அப்படியொன்றும் மோசமில்லை என்று 1972-லேயே எழுதிவிட்டார். பலமான வெள்ளை ஒளிக்கு மேல் சிவப்பைக் கூட்டுவதைவிடப் பச்சையைக் கூட்டினால் ஒளிச்சேர்க்கை அதிகம் என்று 2009-ல் ஜப்பானின் தெராஷிமா குழு காட்டியது. ஊதா வியாபாரம் மட்டும் ஓயவில்லை.

ஆகவே சாதாரண வெள்ளை எல்.இ.டி. பட்டைகளே போதும். அவற்றுக்குள் இருப்பது நீலச் சில்லு. மேலே பூசிய பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பகுதியைப் பச்சை, மஞ்சள், சிவப்பாக மாற்றித் தருகிறது. இரண்டடிக்கு இரண்டடித் தட்டுக்கு 50 வாட் அளவில் வாங்குங்கள். அலுமினியத் தகட்டில் தெர்மல் பேஸ்ட் தடவி இறுக்கமாகத் திருகுங்கள். பட்டைகளுக்கு மின்சாரம் தரும் டிரைவர் மாறாமின்னோட்ட வகையாக இருக்கட்டும். எல்.இ.டி. சூடேறினால் அதற்கு வேண்டிய வோல்ட் குறையும். வோல்ட்டை மட்டும் நிலையாக வைத்தால் மின்னோட்டம் ஏறும், அதனால் இன்னும் சூடு, இன்னும் மின்னோட்டம், கடைசியில் கருகல். மலிவு டிரைவர்கள் பலவற்றில் 230 வோல்ட் மெயினுக்கும் எல்.இ.டி.க்கும் நடுவே தடுப்பே கிடையாது. தனிமைப்படுத்தப்பட்டது என்று கேட்டு வாங்குங்கள்; தகட்டுக்கு எர்த் கொடுங்கள். தெரியாதவர்கள் அந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது.

விளக்கின் உயரத்தைச் சரிபார்க்க செல்போனின் லக்ஸ் செயலி உத்தேசமாக உதவும். நாம் வசதியாகப் படிக்கும் அறையில் 300 லக்ஸ் இருந்தால் அதிகம். கீரைக்கு இலை மட்டத்தில் 14,000 லக்ஸ் வேண்டும். அறைக்குள் செடியின் பட்டினி எவ்வளவு என்று புரிகிறதல்லவா? தினம் 14 மணி நேரம் எரித்தால் மாதம் சுமார் 21 யூனிட். தக்காளிக்கு ஆசைப்பட்டால் அதைப்போல இரண்டு மடங்கு. அந்தக் காசுக்குச் சந்தையிலேயே வாங்கிவிடலாம்.