பால்மா ரின்னுக்குள் மிளகாய்த்தூள்

பழைய கோயில் மலரின் கோப்பைக் கைபேசியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கொட்டுகின்றனவே, கோப்பு பழுதாகிவிட்டதா என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். பழுதில்லை, உள்ளே இருக்கும் எண்களில் ஒன்றுகூட மாறவில்லை. கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பு ஒருநாளும் தமிழாக இருந்ததே இல்லை. அது தட்டப்பட்ட பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'யாழ்' என்று தட்டினால் சேமிக்கப்படுவது 97, 104, 111, 59 என்ற நான்கு எண்கள். உலகம் முழுவதும் இவை ஏ, எச், ஓ, அரைப்புள்ளி. ஏ இருக்கவேண்டிய இடத்தில் யகரத்தை வரைந்துவைத்ததுதான் பாமினி செய்த வேலை. எங்கள் குசினிகளில் பால்மா ரின்னுக்குள் மிளகாய்த்தூள் இருப்பதில்லையா, அப்படி. வீட்டுக்காரிக்கு எதற்குள் எது என்று தெரியும். அவ இல்லாத நேரம் விருந்தாளி தேத்தண்ணி போட்டால்தான் வில்லங்கம். பாமினி இல்லாத கைபேசி அந்த விருந்தாளி.

இதைவிடச் சுவையானது எழுத்தின் வரிசை. 'கொ' கண்ணுக்குக் கொம்பு, ககரம், அரவு. காதுக்கோ ககரம் முதல், ஒகரம் பிறகு. பாமினி கண்ணை நம்பி மூன்று துண்டுகளையும் இடமிருந்து வலமாக அடுக்கியது. இன்றைய கைபேசிகள் பயன்படுத்தும் ஒருங்குறி (யூனிகோட்) காதை நம்புகிறது: ககரத்துக்கு 2965, ஒகரக் குறிக்கு 3018, இரண்டே எண்கள். கொம்பை முன்னே இழுத்து அரவைப் பின்னே தள்ளுவது திரையில் எழுத்தை வரையும் நிரலின் பாடு. இதனால் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பவர், பாமினிக் கோப்பில் ஊர்ப்பெயர்களை அகரவரிசைப்படுத்திப் பார்க்கலாம். யாழ்ப்பாணம் முதலில் வரும், பிறகு கரவெட்டி, அதற்கும் பிறகே அச்சுவேலி. கொடிகாமம், பொலிகண்டி, தெல்லிப்பழை மூன்றும் கொம்பில் தொடங்குவதால் ஒரே கொத்தாகக் கிடக்கும். நிரல் பிழை விடவில்லை. ரின்னின் மேலே ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து அடுக்கியிருக்கிறது.

1991இல் வந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதைக் கணினிகள் ஒழுங்காக வரையப் பல ஆண்டுகள் பிடித்தன. அதுவரை அச்சகங்களைக் காப்பாற்றியது பாமினிதான். வரலாறு இவ்வளவு போதும்.

ஒருங்குறி இடம் தின்னும் என்பார்கள். உண்மைதான்: 'யாழ்ப்பாணம்' பாமினியில் 11 பைட்டு, யுடிஎஃப்-8 முறையில் 33. ஆனால் இன்றைய கைபேசி எடுக்கும் ஒரு ஒளிப்படத்தின் இடத்தில் ஒரு தமிழ் நாவலே அடங்கிவிடும். பாமினியை ஒருங்குறியாக்கும் மாற்றிகள்தான் இருக்கின்றனவே என்பது வலுவான மறுப்பு. அந்த எண்களை இந்த எண்களாக மாற்றும் நிரல் எழுதுவது கடினமில்லை, ஒப்புக்கொள்கிறேன். சிக்கல், சில ரின்களுக்குள் உண்மையாகவே பால்மா இருப்பது: இடையில் வந்த ஆங்கிலப் பெயர், மின்னஞ்சல் முகவரி. எழுத்துருக் குறிப்பு உதிர்ந்துபோன கோப்பில் 97 ஆங்கில ஏயா, தமிழ் யகரமா என்று அந்த எண் சொல்லாது, ஊகிக்கத்தான் வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகத் திட்டம் பழைய அச்சுப் பக்கங்கள் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டதே என்றால், அது அரிய சேவை. ஆனால் வருடிய பக்கம் படம், எழுத்தல்ல. செயற்கை நுண்ணறிவு தமிழை முழுக்கக் கற்றுவிட்டது என்ற ஆரவாரத்தை நான் நம்பாததற்கும் இதுவே காரணம். நம் அச்சகங்களின் பழைய கோப்புகள் அதன் கண்ணில் பட்டிருந்தாலும், பெரும்பாலும் ஆங்கிலக் குப்பையாகவே பட்டிருக்கும்.

கேள்வி கேட்டவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மலரை அச்சிட்ட இடத்தில் வேர்ட் கோப்பு இருந்தால், வெறும் எழுத்தாகப் பிரதியெடுக்காமல் அந்தக் கோப்பையே கேட்டு வாங்கவேண்டும். எந்தச் சொல் எந்த எழுத்துருவில் தட்டப்பட்டது என்ற குறிப்பு அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்.